பதினேழாம் நம்பர் நாற்காலியில் ஒரு துண்டு

என் கல்யாண மண்டபத்தில் கடைசியாகத் தாலி கட்டியது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் தை மாதத்தில். அதற்குப் பிறகு அங்கே கம்பெனி வந்துவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து வருகிற பஸ், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும். அந்த வேகத்தடையை ஒட்டி, வரிசையாக ஜன்னல் வைத்த நீளமான கட்டடம் ஒன்று இருக்கிறதே, அதுதான் என் மண்டபம்.

வந்தது லேசுப்பட்ட கம்பெனி இல்லை. உலகம் பூராவும் கிளை வைத்திருந்தது. பெயர் வேண்டாம், விடுங்கள். மெட்ராஸில் வாடகை கட்டி மாளவில்லை என்று கிராமப்புறத்தை முன்னேற்ற முடிவு செய்தார்கள். வெளிநாட்டில் யாருக்காவது பல் பிடுங்கினாலும் பித்தப்பையில் கல் எடுத்தாலும் அந்தச் சீட்டெல்லாம் கம்ப்யூட்டர் வழியாக என் மண்டபத்துக்கு வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்து டைப் அடிப்பார்கள். மணமகள் அறையை மேனேஜர் ஞானதாஸுக்குக் கொடுத்தார்கள். மணமேடையில் சர்வர் என்று ஒரு கறுப்பு பீரோவை நிறுத்தி, அதற்கு மட்டும் ஏசி வைத்தார்கள். பந்திக்கூடத்தில் இலை போட்டுச் சோறு போட்ட இடத்தில் வரிசையாகக் கம்ப்யூட்டரும் நாற்காலியும் போட்டார்கள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு நம்பர்.

பின்கட்டு ஸ்டோர் ரூமில் என் அண்டாக்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள நான் தினமும் வந்து போகலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுத வைத்திருந்தேன். இருநூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கிற அண்டாவை எவனும் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடமாட்டான். இவ்வளவு பெரிய கம்பெனி உள்ளே என்னதான் செய்கிறது என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

பதினேழாம் நம்பர் நாற்காலி வளர்மதியுடையது. திருப்புலிவனம் பாஞ்சாலியின் மகள். ப்ளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். முதலில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். அங்கே ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை. உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. காலில் நரம்பு சுருண்டு, வீங்கி, வீட்டுக்கு வந்தால் குழந்தையைத் தூக்க முடியாது. புருஷன் கோபால் லாரியில் போனவன். அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது அவனுக்கே சரியாகத் தெரியாது. கம்பெனி இங்கே திறந்ததும் எழுதிப்போட்டு, பரீட்சை எழுதி, நாற்காலி வாங்கிவிட்டாள்.

பாஞ்சாலி என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்வாள். "மண்டபத்துக்காரரே, நான் பொறந்ததுலேர்ந்து குனிஞ்சிக்கினுதான் கீறேன். எங்கம்மா குனிஞ்சிக்கினே செத்துப் போச்சி. எம் பொண்ணு குந்திக்கினு வேலை செய்யுது. முதுவு சாய்ஞ்சிக்கினு! அந்த நாற்காலிக்குச் சக்கரம்கூட கீதாமே?"

"கீது. அஞ்சு சக்கரம்."

"யம்மாடி. மாட்டு வண்டிக்கே ரெண்டுதான்" என்று நடந்துவிடுவாள். அந்த நாற்காலி போனால் மகள் மறுபடியும் நின்றுகொண்டு வேலை செய்யப் போகவேண்டும். தாய்க்கும் மகளுக்கும் இருந்த பயம் அது ஒன்றுதான்.

பயப்படும்படி எல்லாம் நடந்தது. இரண்டாயிரத்து எட்டில் அமெரிக்காவில் ஏதோ பாங்கு கவிழ்ந்தது. அது கவிழ்ந்த மறுநாள் உத்திரமேரூரில் டீயை நிறுத்திவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஏழு கடல் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் பொய்.

டீக்குப் பிறகு மின்விசிறி. விசிறிக்கு எதற்கு மூன்று இறக்கை என்று மேலிடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். மூன்று விசிறியிலிருந்து ஆளுக்கொரு இறக்கையைக் கழற்றி நான்காவதாக ஒரு விசிறி செய்தார்கள். மிச்சமிருந்த மூன்றும் காற்றுத் தரவில்லை. தலையை மட்டும் ஆட்டின. ஞானதாஸ் போனில் 'எஸ் சார்' சொல்லும்போது ஆட்டுவாரே, அதே ஆட்டம். அப்புறம் கீபோர்டுக்கு வந்தார்கள். அதிகம் புழங்காத எழுத்து எது என்று கணக்கெடுத்து, பாதி கீபோர்டுகளில் இசட்டைப் பிடுங்கி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இசட்டில் பெயர் ஆரம்பிக்கிற வெள்ளைக்காரன் எவனுக்கும் அந்த வருஷம் பல் பிடுங்கிய செலவு கைக்கு வந்திருக்காது. பூச்சி மருந்து அடிக்க வருகிறவனை நிறுத்திவிட்டு, அந்தப் பணிக்கு உள்ளூர் வளம் போதுமானது என்று எழுதி அனுப்பினார் ஞானதாஸ். உள்ளூர் வளம் என்றால் சுவரில் இருந்த பல்லிகள். அவற்றில் ஒன்று அந்த மாதம் எலியையே பிடித்தது, நானே பார்த்தேன்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாக எனக்கு இருந்தது. பிள்ளைகளுக்கு இல்லை. அடுத்து ஆளைத்தான் குறைப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. ஞானதாஸ் நீலச் சட்டை போட்டு வந்தால் ஒருத்தர் காலி என்று ஒரு கணக்கு. அவர் யாரைப் பார்த்தாவது சிரித்துவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் அவர் வளர்மதியிடம், "கொழந்தை நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். அவள் நேராகப் பின்கட்டுக்கு ஓடி வந்து என் அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நைனா, அந்தாளு கொயந்தைய கேக்குறான். என்னைத் தூக்கப் போறான்."

"மனுசன், சும்மா கேட்டிருப்பான்மா."

"அவன் இன்னாத்துக்குக் கேக்கணும்? ரெண்டு வருசமா கேக்கலியே!"



அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து முகுந்த் என்று ஒருவன் வந்து இறங்கினான். செலவைக் குறைக்க என்றே தனியாக வைத்திருந்த அதிகாரி. பங்குனி வெயிலில் கோட்டு போட்டிருந்தான். பின்கட்டுவரை வந்து என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்க யாரு?"

"அண்டாவுக்குச் சொந்தக்காரன்."

"இங்க உங்க ரோல் என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க. வருவேன், சுத்திப் பார்ப்பேன், போவேன். உங்க மாதிரிதான்."

அவன் அதை எழுதிக்கொண்டான். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிற ஜாதி.

அவன் கண்டுபிடித்த திட்டம் இது. ஒரு நாற்காலி காலியாக இருந்தால் கம்பெனிக்கு நஷ்டம். ஆகவே ஆட்களைவிட நாற்காலி குறைவாக இருக்கவேண்டும். ஒன்பது மணி வேலைக்கு எட்டரைக்குள் யார் நாற்காலியைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு அன்றைக்கு வேலை. பிடிக்காதவர்கள் வீட்டுக்குப் போகலாம். மாதக் கடைசியில் அதிகம் வீட்டுக்குப் போனவர்கள் மொத்தமாகவே போய்விடலாம். அதை ஒரு கூட்டம் போட்டு அவன் சொன்னபோது பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார் ஞானதாஸ். தட்டினார்கள். சின்ன வயசில் பாட்டை நிறுத்தி நாற்காலி பிடிக்கிற விளையாட்டு ஆடியிருப்பான் போலிருக்கிறது. அதில் தோற்றும் இருப்பான்.

முதல் மாதமே சிலர் போனார்கள். வளர்மதி போகவேண்டிய வரிசையில் நின்றாள். காரணம் சோம்பல் இல்லை. திருப்புலிவனத்தில் பால்வாடி டீச்சர் எட்டரைக்கு முன்னால் கதவைத் திறக்கமாட்டார். குழந்தையை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் மண்டபத்துக்கு வர ஒன்பதாகிவிடும். அவள் வரும்போது பதினேழாம் நம்பரில் வேறு யாராவது இருப்பார்கள். கதவருகே கொஞ்சநேரம் நிற்பாள். அப்புறம் அதே பஸ் திரும்பி வரும்போது ஏறிப் போய்விடுவாள்.

பாஞ்சாலி நடவுக்குப் போகிறவள். காலை ஏழரை பஸ்ஸில் திருப்புலிவனத்திலிருந்து ஏறி, உத்திரமேரூர் தாண்டிப் போவாள். ஒருநாள் நான் பந்திக்கூடத்தில் நின்று பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜவுளிக்கடை அத்தாவுல்லா பாயின் மகன் நவாஸ் அன்றைக்கு முதலில் வந்து, சாவகாசமாகப் பதினேழாம் நம்பரில் உட்காரக் குனிந்தான். வெளியே பஸ் வேகத்தடையில் ஏறியது. ஜன்னல் வழியாக நீலக்கட்டம் போட்ட துண்டு ஒன்று பறந்து வந்து, அவன் காதை உரசிக்கொண்டு, நாற்காலியின் முதுகில் விழுந்தது. விழுந்தது என்று சொல்லக்கூடாது. மடித்துப் போட்ட மாதிரி உட்கார்ந்தது. வரப்பில் நின்று நாற்றுமுடியை நடுவயலுக்கு வீசி வீசிப் பழகிய கை.

பஸ் ஜன்னலிலிருந்து பாஞ்சாலி கத்தினாள். "டேய், பாய் வூட்டுப் புள்ள! அது எம் பொண்ணு எடம்! குந்திடாத!"

"சரி ஆத்தா!" என்று நவாஸ் திரும்பக் கத்தினான். பஸ் போய்விட்டது. அவன் நிமிர்ந்து வேறு நாற்காலிக்குப் போனான்.

மணமகள் அறையிலிருந்து ஞானதாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்பா அதுல உக்காரல? அங்கதான் ஆள் இல்லையே."

"துண்டு போட்டுட்டாங்க சார்."

"அதனால?"

"அதனால இன்னாவா? துண்டு சார்!"

ஞானதாஸ் துண்டைப் பார்த்தார். கோட்டு போட்டவனிடம் எவ்வளவு தலையாட்டினாலும் அவரும் காஞ்சிபுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர்தான். எத்தனை நாள் தானே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம் பிடித்திருப்பார். துண்டு விழுந்த இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்தால் பஸ்ஸில் கொலை விழும். "சரி, சரி" என்று உள்ளே போய்விட்டார். வளர்மதி ஒன்பதுக்கு வந்தாள். துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சக்கரம் வைத்த நாற்காலியை அன்றைக்கு ஒரு அடிகூட நகர்த்தவில்லை.

அந்த வாரமே எல்லோரும் ஆரம்பித்துவிட்டார்கள். மாதக் கடைசியில் இன்னும் சிலர் போக, மிச்சப் பேர் நாற்காலிக்கு ஒரு ஆள் என்று சரியாகிவிட்டார்கள். பால் ஊற்ற வருகிற அண்ணன், ஸ்கூலுக்குப் போகிற தம்பி, ரைஸ் மில்லுக்குப் போகிற மாமன் எல்லோரும் போகிற போக்கில் ஜன்னல் வழியாகத் துண்டை வீசினார்கள். காலை எட்டுக்கெல்லாம் நாற்காலிகள் நிறைந்துவிடும். பிள்ளைகள் நிதானமாக நாஷ்டா முடித்துவிட்டு ஒன்பதுக்கு வருவார்கள். அத்தாவுல்லா பாய் கடையில் துண்டு தீர்ந்து, ஈரோட்டுக்கு ஆள் அனுப்பினார். "கம்பெனி வந்தா ஊர் வளரும்னு சொன்னாங்க, நெஜந்தான்" என்று என்னிடம் சிரிக்காமல் சொன்னார்.

இதற்குள் முகுந்த், நாற்காலிகள் நிறைந்திருக்கின்றனவா என்று அங்கிருந்தே பார்க்க ஒரு கேமராவை அனுப்பியிருந்தான். செலவு குறைக்கிறவன் வாங்கின கேமரா எப்படி இருக்கும்? மனுஷனைப் பார்த்தால் மாடு தெரியும், மாட்டைப் பார்த்தால் மேகம் தெரியும். அதை மணமேடைக்கு மேலே மாட்டினார்கள். எட்டரையிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு வரிசையாகப் படம் எடுத்து மேலே அனுப்பும். மத்தியானம் மறுபடியும் எடுக்கும்.

மேலே இருந்தவர்கள் அசந்துபோனார்களாம். எட்டரைப் படத்தில் அத்தனை நாற்காலியும் நிறைந்திருக்கிறது. நீலம், பச்சை, காவி என்று கலர் கலராக ஆட்கள். ஒருவர்கூட அசையவில்லை. பக்கத்து ஆளிடம் பேசவில்லை. தண்ணீர் குடிக்க எழவில்லை. மத்தியானப் படத்திலோ ஒருத்தி சோம்பல் முறிக்கிறாள், ஒருவன் முதுகைச் சொறிகிறான், இரண்டு பேர் தலையை ஒட்டிக்கொண்டு பேசுகிறார்கள். கம்ப்யூட்டரைத் திறந்து பெயர் பதிகிறவர்களும் ஒன்பது மணிக்கு வருகிற இந்தக் கூட்டம்தான். ஆகவே பெயர் பதியாமலேயே அதிகாலையில் வந்து உழைக்கிற ஒரு தங்கமான கூட்டமும், ஒன்பதுக்கு மேல் ஆடி அசைந்து வருகிற ஒரு உதவாக்கரைக் கூட்டமும் இருப்பதாக அங்கே முடிவு செய்தார்கள். ஒரே நாற்காலிக்கு எதற்கு இரண்டு கூட்டம் என்று அடுத்த கேள்வி வந்தது. அத்தனை பேரும் பெரிய பெரிய காலேஜில் படித்தவர்கள். அதனால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்த அதிசயக் கிளையை உருவாக்கியதற்காக முகுந்துக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். கையோடு ஒரு உத்தரவும் கொடுத்தார்கள். காலைக் கூட்டத்தை வைத்துக்கொள். ஒன்பது மணிக் கூட்டத்தை அனுப்பிவிடு.

சேதி ஞானதாஸுக்கு முதல் நாள் சாயங்காலம் வந்தது. "நாளைக்கு முகுந்த் சார் வர்றார். காலைல மார்னிங் பேட்ச்சை வாழ்த்திப் பேசுவார். நீங்கல்லாம் மூணு மணிக்கு வாங்க, லெட்டர் குடுப்பாங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மார்னிங் பேட்ச்சு யாரு சார்?" என்று வளர்மதி கேட்டாள்.

"அதான்மா... நீங்க போடுவீங்களே."

"துண்டா?"

ஞானதாஸ் தலையாட்டினார்.

"துண்டுக்கு வேலை கீது, எங்களுக்கு இல்லையா?"

அதற்கும் தலையாட்டினார். மேலே விசிறியும் ஆட்டியது.

"நெசத்தைச் சொல்லிட வேண்டியதுதானே சார்?" என்று கேட்டான் நவாஸ்.

"சொன்னா மோசடின்னு எல்லாரையும் இன்னிக்கே அனுப்பிடுவான். என்னையும் சேத்து." கடைசி வார்த்தைதான் அவருக்கு முக்கியம்.

மறுநாள் யாரும் மூன்று மணிவரை பொறுக்கவில்லை. எட்டு மணிக்கே மொத்தப் பேரும் வெளியே ஜன்னலோரம் கூடிவிட்டார்கள். வளர்மதி அன்றைக்குப் பால்வாடியைப் பார்க்கவில்லை. குழந்தை தேவகியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏழரை பஸ்ஸிலேயே தாயோடு வந்திருந்தாள். பாஞ்சாலி பழக்கத்தில் துண்டை வீசிவிட்டுத்தான் போனாள். "போவ சொன்னாலும் போவாத. நீயே எந்திரிக்காத வரைக்கும் அது உன் எடம்" என்று பஸ்ஸிலிருந்தே சொல்லிவிட்டுப் போனாள். நடவை விட்டால் அவளுக்குச் சோறு இல்லை, அதனால் நிற்கவில்லை.

எட்டரைக்குச் சற்று முன்னால் காரில் முகுந்த் வந்தான். அதே கோட்டு. கையில் ஒரு பூங்கொத்து. ஜன்னலோரம் நின்றவர்களைப் பார்த்து, "நீங்க ஆஃப்டர்நூன்தானே? வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகமாகப் பந்திக்கூடத்துக்குள் நுழைந்தான். நான் பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"குட் மார்னிங் டீம்!" என்றான்.

துண்டுகள் சும்மா இருந்தன.

முன்வரிசையைப் பார்த்தான். பின்வரிசையைப் பார்த்தான். ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தான். அதன் கீழே ஆள் இருக்கிறானா என்று தூக்கிக்கூடப் பார்த்தான். "ஞானதாஸ், ஸ்டாஃப் எங்கே?"

"இதுதான் சார்."

முகுந்தின் முகத்தில் அப்போது ஓடியதை நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், துண்டுகளைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவன் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால், துண்டுகளை வைத்துக்கொண்டு மனிதர்களை அனுப்பவேண்டும். அவனுக்கு அதில் ஒன்றும் சிரமம் இருக்கவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்தில் முடிவுக்கு வந்துவிட்டான்.

"யாரும் வாயைத் திறக்கக்கூடாது. மூணு மணிக்கு லெட்டரைக் குடுத்துடுங்க. துண்டெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றான்.  பக்கத்தில் இருந்த நாற்காலியின் துண்டை உருவி, ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்து, கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான். அது பதினேழாம் நம்பர்.

ஜன்னல் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. இழவு வீட்டில் எழுகிற மாதிரி. வளர்மதி குழந்தையோடு உள்ளே வந்தாள்.

"சார், எந்திரிங்க."

"உன்னை வெளிய வெயிட் பண்ணச் சொன்னேன்ல?"

"அது என் எடம். துண்டு போட்டிருந்தாங்க எங்கம்மா."

"ஏம்மா, நான் யாருன்னு தெரியுமா?"

"நீங்க யாரா இருந்தா எனக்கு இன்னா சார்? கவர்னர் வந்தாக்கூட துண்டு போட்ட எடத்துல குந்தமாட்டாரு. அதுல செருப்பு வேற தொடைக்கிறீங்க! இன்னா படிச்சீங்க நீங்க?"

"செக்யூரிட்டி!" என்று கத்தினான் முகுந்த். செக்யூரிட்டியைப் போன மாதம்தான் அவனே நிறுத்தியிருந்தான். கையை ஆட்டினான். கழுத்துப் பட்டையைத் தளர்த்தினான். நாற்காலியில் இப்படியும் அப்படியும் திரும்பினான். மணமேடைக்கு மேலே கேமரா தன்பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எட்டரை ஆகிவிட்டிருந்தது.

போன் அடித்தது. ஞானதாஸ் ஸ்பீக்கரில் போட்டார். தலைமை அலுவலகம். அங்கே படத்தைப் பார்க்க ஒரு ஆள், பார்க்கிற ஆளைப் பார்க்க இன்னொரு ஆள்; இது இரண்டாமவர். இங்கிலீஷில் பேசியதை நான் தமிழில் சொல்கிறேன்.

"பதினேழில் இன்று யார் உட்கார்ந்திருப்பது?"

ஞானதாஸ் முகுந்தைப் பார்த்தார்.

"மற்ற எல்லோரும் ஒழுங்காக இருக்கிறார்கள். இந்த ஆள் மட்டும் கையை ஆட்டுகிறான், திரும்புகிறான், எதையோ பார்த்துக் கத்துகிறான். வழக்கமாக அங்கே இருப்பவர் நீல உடை அணிந்த, மிகவும் அமைதியான ஊழியர். அவர் எங்கே?"

"சார், நான்தான் முகுந்த்!" என்று கத்தினான் இவன்.

"முகுந்த் என்றால்?"

"செலவுக் குறைப்பு முகுந்த்!"

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. "உங்கள் நாற்காலி எண்?"

"எனக்கு நாற்காலி எண் கிடையாது சார். நான் டூர்லயே இருக்கிறவன்."

"நாற்காலி எண் இல்லாதவர் உபரி. உங்கள் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கைதான் என் முன்னால் இருக்கிறது. தயவுசெய்து கிளம்புங்கள். காரை உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள்."

முகுந்த் வாயைத் திறந்தான். நாற்காலிகளைப் பார்த்தான். இத்தனையும் துண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் மாறியிருக்கும். சொன்னால் வேலையோடு மானமும் போய்விடும். வாயை மூடிக்கொண்டான். எழுந்தான். வாசலில் பார்த்தால் காரைக் காணோம். டிரைவருக்குச் சேதி இவனுக்கு முன்னாலேயே போயிருந்தது. பூங்கொத்தோடு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தான். அதற்குமேல் அவனைப் பற்றி எனக்குத் தெரியாது. காஞ்சிபுரம் வரைக்கும் படிக்கட்டில் நின்றுகொண்டே போனதாகக் கண்டக்டர் சொன்னார். அவர் என்னைவிடப் பெரிய புளுகர்.

போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "பதினேழின் பழைய ஊழியரை உடனே அழைத்து உட்கார வையுங்கள். காலைக் கூட்டத்தின் பெயர்கள் எங்களிடம் இல்லை. இன்றே அனுப்புங்கள்." வைத்துவிட்டார்கள்.

ஞானதாஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேரா? துண்டுக்கு என்னன்னு பேரு எழுதுவேன்?"

வளர்மதி கீழே கிடந்த துண்டை எடுத்தாள். "இது யாரோடது சார்?"

"உன்னோடது."

"பதினேழுல தெனம் குந்திக்கினு இருந்தது இதுதானே?"

"ஆமாம்."

"அப்ப எம் பேரை எழுதுங்க. அந்தப் பச்சை நவாஸோடது. எழுதுங்க. எல்லாத் துண்டுக்கும் ஆளு வெளியதான் நிக்குது."

"நீங்கல்லாம் ஆஃப்டர்நூன் பேட்ச்சுமா. உங்களை அனுப்பணும்னு ஆர்டர்."

"அனுப்புங்க. யாரு வேணான்னா? ஒம்போது மணி வளர்மதிய அனுப்பிடுங்க. எட்டரை மணி வளர்மதிய வெச்சிக்கோங்க."

ஞானதாஸ் அவளையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் பல்லியைப் பார்த்தேன். அவர் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

ஜன்னலோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் துண்டைக் காட்டிப் பெயர் கொடுத்தார்கள். அன்றைக்கு மத்தியானம் அந்த மண்டபத்திலிருந்து அத்தனை பேரும் வேலையை விட்டு அனுப்பப்பட்டார்கள். அதே அத்தனை பேரும் வேலையில் வைத்துக்கொள்ளப்பட்டார்கள். உத்திரமேரூர்க் கிளையில் ஊழியர்களைச் சரிபாதியாகக் குறைத்துவிட்டோம், வேலை துளியும் குறையவில்லை என்று கம்பெனி அந்த வருஷ அறிக்கையில் போட்டுக்கொண்டதாம். இதை மற்ற ஊர்களிலும் செய்து பார்க்க ஒரு குழு போட்டார்களாம். போடட்டும்.

அன்றைக்கு எல்லோரும் பெயர் கொடுத்து முடித்தபோது ஒன்பதுகூட ஆகவில்லை. வளர்மதி பின்கட்டுக் குழாயில் துண்டை நன்றாகக் கசக்கினாள். சேறு போகிறவரை கசக்கினாள். குழந்தை என் அண்டாவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஞானதாஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சீக்கிரம் வந்து உக்காருமா! மறுபடி படம் எடுத்துத் தொலைக்கப் போவுது. உக்காந்தா அசையாத. மூக்கைக்கூடச் சொறியாத!"

"அக்கா, கொயந்தைய எங்கூட்ல வுட்டுடு. எங்கம்மா பாத்துக்கும்" என்றான் நவாஸ். அவன் அம்மா உம்முல் குல்சும். அவர்கள் வீடு அடுத்த தெருவில்தான்.

வளர்மதி துண்டை உதறினாள். பந்திக்கூடத்துக்குப் போய்ப் பதினேழாம் நம்பர் நாற்காலியின் முதுகில் அதை விரித்துப் போட்டாள். சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"எனக்கு ஒம்போது மணிக்குத்தான் சார் வேலை. கொயந்தைய வுட்டுட்டு, நாஷ்டா துன்னுட்டு வரேன். அதுவரைக்கும் அது பாத்துக்கும்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஞானதாஸ் அந்த ஈரத்துண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். யாராவது வந்து உட்கார்ந்துவிடப் போகிறார்களே என்று நாலாப் பக்கமும் பார்த்துக்கொண்டு, அவள் திரும்பி வருகிறவரை நின்றுகொண்டே இருந்தார்.